412 பதிவுகளும் ஒரு திருப்புளியும்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவர் 36 வயதுப் பெண். கல்லூரியில் தத்துவம் படித்துவிட்டு, அப்புறம் கணினிப் பக்கம் வந்தவர். பெரிய நீரேற்று பம்புகளைப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் தகவல் அமைப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறும் காலம். "அவங்க மண்டையில இருக்கிறதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடணும்" என்று மேலாளர் சொல்ல, இவர் ஒரு படிவம் தயாரித்திருக்கிறார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்ன பழுது, என்ன காரணம், என்ன செய்தோம், எவ்வளவு நேரம் ஆனது என்று நிரப்ப வேண்டும். காரணத்தை மட்டும் ஏழு விடைகள் கொண்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

எட்டு மாதத்தில் 412 பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் 260-க்கு மேல் காரணம் 'தேய்மானம்'. சேர்ந்ததை யாரும் திரும்பப் போய்ப் படிப்பதில்லை. ஒரே பம்ப் ஒரே பேரிங் பழுதுக்காக ஐந்து முறை வந்திருக்கிறது. ஐந்து முறையும் பேரிங்கை மாற்றி, நிறுவனத்தின் இலக்கான 4 மணி நேரத்துக்குள் புகாரை மூடியிருக்கிறார்கள். எல்லோரும் 'அண்ணன்' என்று அழைக்கும் மூத்தவர் இன்னும் 14 மாதத்தில் ஓய்வுபெறுகிறார். அவர் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. "எழுதினா வராதும்மா, பக்கத்துல நின்னு பாரு" என்கிறாராம். வேண்டுமென்றே மறைக்கிறார் என்று இவருக்குச் சந்தேகம். மற்றவர்களின் அலட்சியத்துக்கு உதாரணமாக ஒரு பதிவையும் அப்படியே அனுப்பியிருக்கிறார்: "சத்தம் மாறியிருக்கு. ஏன்னு தெரியல. ஓடுது, விட்டுட்டு வந்தேன்."

பதிவைக் கட்டாயமாக்கி, சம்பள உயர்வோடு இணைத்துவிடலாம் என்பது மேலாளரின் அடுத்த யோசனை. அதற்குச் சம்மதிக்கலாமா, அண்ணனை என்ன செய்வது, தான் படித்த தத்துவம் இந்த வேலைக்கு ஏதாவது உதவுமா, உதவுமென்றால் எந்தத் தத்துவஞானியை அடிப்படையாக வைத்து அமைப்பைத் திருத்துவது என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தத்துவத்தை வேலைக்குள் கொண்டுவரலாமா என்கிறீர்கள். அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. உங்கள் படிவத்தைத் திறந்து, ஒரு கட்டுரையைப் படிப்பதுபோல் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரே ஒரு காரணம் உண்டு என்கிறது. அந்தக் காரணம் இந்த ஏழில் ஒன்று என்கிறது. வேலை முடித்துக் கிளம்புவதற்குள் அது தெரிந்துவிடும் என்கிறது. தெரிந்தவரால் அதைச் சொல்லில் வைக்க முடியும் என்கிறது. இந்த நான்கையும் நீங்கள் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் உங்கள் பேராசிரியர் விட்டிருப்பாரா? படிவம் என்பதால் யாரும் கேட்கவில்லை. அறிவு என்றால் எது என்ற கேள்விக்கு வடிவமைப்பவர் யோசித்து விடை சொல்லாவிட்டால், படிவம் தானாக ஒரு விடை சொல்லிவிடும். உங்களுடையது சொல்லிவிட்டது.

இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர் வெஸ்ட் சர்ச்மன். தத்துவத்தில் பயிற்சி பெற்று, அப்புறம் மேலாண்மைத் துறைக்கு வந்தவர். 1971-ல் வெளிவந்த நூலில் அவர் கேட்டது விசித்திரமான கேள்வி: லைப்னிட்ஸ், லாக், கான்ட், ஹெகல் போன்ற தத்துவஞானிகளின் கொள்கைப்படி ஒரு தகவல் அமைப்பைக் கட்டினால் அது எப்படி இருக்கும்? லாக்கின் வழியில் கட்டியது, பலர் கண்டதைச் சேர்த்துக்கொண்டே போகும். அவர்கள் ஒத்துப்போனால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் 412 பதிவுகள் அந்த ரகம். எல்லோரும் ஒரே மாதிரி நினைத்ததால் ஒத்துப்போனார்களா, படிவம் அப்படி ஒத்துப்போக வைத்ததா என்று அந்த அமைப்புக்கு உள்ளேயிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அதன் பலவீனம்.

பட்டியலில் எது முதலில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 'தேய்மானம்' என்று நான் பந்தயம் கட்டுவேன். வரிசையை மாற்றி, அதை ஐந்தாவது இடத்தில் வைத்து ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தால் என் சந்தேகம் தவறு. சரிந்தால், இத்தனை நாள் நீங்கள் எண்ணியது பம்பின் தேய்மானத்தை அல்ல, கட்டைவிரலின் சௌகரியத்தை. நம் கருத்தை நிரூபிக்கச் சான்று தேடுவதைவிட அதை உடைக்கக்கூடிய சோதனையைத் தேடு என்று கார்ல் பாப்பர் சொன்னதற்கு இதைவிட மலிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எப்படித் தெரியும் என்று கேளுங்கள்

படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைச் சேர்க்க அனுமதி கிடைத்தால், காரணத்துக்குப் பக்கத்தில் 'எப்படித் தெரியும்?' என்று சேருங்கள். நம் தமிழ் மரபில் இதற்கு அளவை என்று பெயர். எதை வைத்து ஒன்றை அறிந்தோம் என்று அளக்கிற கணக்கு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பிறர் சொல்லும் அளவைகளையெல்லாம் பத்துவரை அடுக்கிவிட்டு, கடைசியில் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. நேரே கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, நம்பத்தகுந்தவர் சொன்னது. பம்புக்கு இதை அப்படியே பொருத்தலாம். பேரிங்கைக் கழற்றி, உருளையில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்தது காண்டல். கூடு சூடாக இருந்தது, அதனால் எண்ணெய் வற்றியிருக்கும் என்பது கருதல். "இது பழைய பம்ப், இப்படித்தான் போகும்னு ஆபரேட்டர் சொன்னார்" என்பது உரை. உங்கள் படிவத்தில் இந்த மூன்றும் 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லாக வந்து விழுகின்றன. ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் எதை நம்புவது, எதைத் திரும்பச் சோதிப்பது?

நான்காவதாக ஒன்று வேண்டும். நம் நூல்கள் அதை ஐயம் என்று தனியாகவே பேசும். இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு நான் வடிவமைத்த படிவத்தில் காரணத்தைக் கட்டாயமாக்கியிருந்தேன். சில மாதம் கழித்துத் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரு புள்ளி மட்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி விடாது என்பதால் ஆளாளுக்கு ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று கோபத்தோடு கூட்டத்தில் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் மெதுவாகச் சொன்னார்: "தெரியலைன்னு எழுத அதுல இடமே இல்லையே மேடம்." தனக்குத் தெரியாது என்பதை அறிந்திருப்பதில்தான் சாக்ரடீஸின் அறிவு இருந்தது என்று படித்துவிட்டு வந்தவள் நான். அந்தக் கட்டத்தை வைக்க மறந்தவளும் நானேதான்.

அண்ணன் மறைக்கிறாரா?

உங்கள் கடிதத்தில் நான் முழுக்க மறுக்கிற இடம் இது. அவர் வேலை செய்வதை நீங்களே வர்ணித்திருக்கிறீர்கள்: திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்கிறார். அப்புறம் "இன்னும் மூணு வாரம் தாங்கும்" என்கிறார். இதை எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்? "திருப்புளி வைத்துக் கேட்கவும்" என்றா?

கில்பர்ட் ரைல் என்ற தத்துவஞானி 1949-ல் வெளியான நூலில் 'இன்னது என்று தெரிவது' வேறு, 'செய்யத் தெரிவது' வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு திறமையான செயலுக்கும் பின்னால் மனத்தில் ஒரு விதி ஓடுகிறது என்றால், அந்த விதியை இந்த இடத்தில் திறமையாகப் பொருத்துவதற்கு இன்னொரு விதி வேண்டும், அதற்கு இன்னொன்று. முடிவே இருக்காது என்பது அவர் வாதம். நாம் சொல்ல முடிவதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்றார் மைக்கேல் பொலானி. அவர் வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் தத்துவத்துக்கு வந்தவர் என்பதைக் கவனியுங்கள். கையால் வேலை செய்த ஆள் சொன்ன சொல் அது. 'எழுதினா வராதும்மா' என்று அண்ணன் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். நீங்கள் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது வழிகாட்டல் என்று தோன்றுகிறது. 'பக்கத்துல நின்னு பாரு' என்று சேர்த்தே சொல்லியிருக்கிறாரே.

அதற்காக, எல்லாமே சொல்லுக்கு அப்பாற்பட்டது என்று அவரைக் கோயில் கட்டி வைக்கவும் வேண்டாம். கொஞ்சம் சொல்லுக்கு வரும், கேட்கிற விதத்தில் கேட்டால். "உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள்" என்றால் யாருக்கும் வாய் வராது. ஒரு குறிப்பிட்ட பம்பின் முன்னால் நின்று, "போன தடவை கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் என்ன வித்தியாசம்? பேரிங் இல்லையென்றால் வேறு எதுவாக இருக்கும் என்று நினைத்தீர்கள்? எதைப் பார்த்து அது இல்லை என்று முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் போட்டோகாப்பி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றி எழுதியிருக்கிறார். நிறுவனம் கொடுத்த கையேடு கைகொடுக்காத இடங்களில் அவர்களைக் காப்பாற்றியது, ஓய்வு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகள். அந்த அரட்டையை நேர விரயம் என்று வெட்டுவது எளிது. வெட்டினால் என்ன போகிறது என்று எந்த அறிக்கையிலும் வராது.

ஆக, 14 மாதமும் அவரோடு ஒரு இளையவரை இணையுங்கள். சத்தத்தைச் செல்பேசியில் பதிவு செய்து, கூடவே அவர் பேச்சையும் சேர்த்து வைத்தால் உங்கள் அமைப்புக்குத் தேவையானதில் பாதி வந்துவிடும். மீதிப் பாதி அந்த இளையவரின் காதில்தான் இருக்கும்; அதைக் கணினியில் ஏற்ற வேண்டியதில்லை. அவர் உண்மையிலேயே எதையாவது மறைக்கவும் கூடும். வேலை போய்விடும் என்ற பயம் மனிதருக்கு இயல்பு. அதையும் ஊகிக்காமல் நேரில் கேட்டுவிடுங்கள். இப்போதைக்கு உங்கள் சந்தேகமும் கருதல்தான், காண்டல் இல்லை.

சம்பள உயர்வோடு கட்டலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு ஒரு பழைய விபத்து.

1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது ஒரு மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கு பாதைக்கு அனுமதி கொடுத்தபோது, இனி 1,800 அடிக்குத் தாழலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். கட்டுப்பாட்டாளருக்கு அதே சொற்றொடரின் பொருள் வேறு: பாதையில் மலைகளில் மோதாத உயரத்தில் பறக்கும் பொறுப்பு விமானியுடையது. ஒரு சொல்லின் பொருள் அது புழங்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று விட்கென்ஸ்டைன் எழுதியதைப் படித்தபோது உங்களுக்கு அது வகுப்பறைச் சங்கதியாகத் தோன்றியிருக்கலாம். இங்கே ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் புழங்கியது, யாருக்கும் தெரியாமல்.

இன்னொன்றையும் விசாரணையில் கண்டார்கள். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்றவர்களுக்குச் செய்தி போகவில்லை. அதாவது ஒரு நிறுவனம் கற்றுக்கொண்டது, துறை கற்றுக்கொள்ளவில்லை. இதற்குப் பிறகு 1976-ல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளைத் தாங்களாகவே எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவற்றை வாங்குவதில்லை. நாசா வாங்குகிறது, பெயர் அடையாளங்களை நீக்குகிறது. எழுதியவருக்குத் தண்டனையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. குற்றச் செயல்களுக்கும் விபத்துகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

உங்களுக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு ஏற்பாடு: படிப்பவரும் சம்பளத்தை முடிவு செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மேலாளர் சொல்வதுபோல் இணைத்தால் 412 பதிவு 1,200 ஆகும், சந்தேகமில்லை. ஆனால் 'விட்டுட்டு வந்தேன்' என்று இனி ஒருவரும் எழுத மாட்டார்கள். முழுக்க விருப்பம் என்று விட்டாலும் ஆபத்துதான். எழுதுகிற பழக்கமுள்ள நான்கு பேரின் உலகமே நிறுவனத்தின் உலகமாகிவிடும். நான் நடுவழியைத் தேர்ந்தெடுப்பேன். எந்தப் பம்ப், என்ன மாற்றினோம், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் கட்டாயம். காரணமும் கதையும் விருப்பம், மதிப்பீட்டில் சேராது.

இந்த 'சேராது' என்பதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் பின்னோக்கி யார்மீதும் பயன்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கட்டும். அவற்றை எழுதியபோது அவர்களுக்கு இந்த விதி சொல்லப்படவில்லை. உங்கள் பெயரில் போன படிவத்தை நம்பித்தான் எழுதினார்கள். நாளை ஒருவருக்கு அதனால் கேடு வந்தால் மேலாளரை விட்டுவிட்டு உங்களைத்தான் பார்ப்பார்கள்.

எந்தத் தத்துவஞானி?

ஒருவரையும் முழுதாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். டெர்ரி வினோகிராடும் ஃபெர்னாண்டோ ஃப்ளோரெஸும் 1980களில் அப்படிச் செய்தார்கள். பேசுவதும் ஒரு செயல்தான் என்ற தத்துவத்தை அடிப்படையாக வைத்து வந்த மென்பொருளில், ஒருவர் செய்தி அனுப்பும்போது அது வேண்டுகோளா, வாக்குறுதியா என்று குறிக்க வேண்டியிருந்தது. சிந்தனை ஆழமானதுதான். ஆனால் எல்லாப் பேச்சையும் இப்படி வகைப்படுத்துவது கண்காணிப்பாக மாறும் என்று லூசி சச்மன் போன்றவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். தத்துவம் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால் லாபம். கட்டட வரைபடமாக எடுத்துக்கொண்டால் உங்கள் டெக்னீஷியன்கள் அதற்குள் குனிந்து நடக்க வேண்டியிருக்கும்.

ஐந்து முறை வந்த பம்பும் மேலாளரும்

நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் சொன்ன தெர்மோஸ்டாட் உதாரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அறை குளிர்ந்தால் ஹீட்டரைப் போடும், சூடானால் நிறுத்தும். இந்த வெப்பநிலை ஏன், வேறாக இருக்கலாமா என்று அது ஒருநாளும் கேட்காது. முதல் வகைக் கற்றலை ஒற்றைச் சுற்று என்றார்கள். குறிக்கோளையே கேள்வி கேட்பதை இரட்டைச் சுற்று என்றார்கள். (ஷோனின் முனைவர் பட்ட ஆய்வே ஜான் டூயியின் தத்துவத்தைப் பற்றியது. உங்கள் படிப்பு வீணில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.)

உங்கள் பம்பில் இதை வைத்துப் பாருங்கள். பேரிங் போனது, மாற்றினோம்: ஒற்றைச் சுற்று. ஐந்து முறை போகிறதே, மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று யாராவது அளந்தார்களா? அளக்கவில்லை என்றால் ஏன்? அளப்பதற்கு நேரமாகும், 4 மணி நேரத்தில் புகார் மூடாது. ஆக, சீக்கிரம் மூடு என்ற குறிக்கோள்தான் அந்தப் பம்பைத் திரும்பத் திரும்ப வரவைக்கிறதோ என்று கேட்கிற இடத்தில் இரட்டைச் சுற்று ஆரம்பிக்கிறது. இது என் ஊகம். உங்கள் ஆட்கள் ஒரே மணி நேரத்தில் இதை உறுதி செய்துவிடுவார்கள், அல்லது தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த ஐந்து பதிவுகளையும் மேசைமேல் வையுங்கள். ஒருவர் 'தேய்மானம்தான்' என்று வாதாடட்டும். இன்னொருவர் அதே பதிவுகளை வைத்தே 'தேய்மானம் இல்லை' என்று வாதாடட்டும். ஹெகலின் வழியில் கட்டிய அமைப்பு எப்படி இருக்கும் என்று சர்ச்மன் காட்டியது ஏறக்குறைய இதுதான். மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மேலாளரிடம் மட்டும் ஹெகல் என்ற பெயரை எடுக்காதீர்கள். நிறுவனங்கள் வாயால் சொல்லும் கொள்கை ஒன்று, நடத்தையில் தெரியும் கொள்கை வேறு என்பதையும், அதைச் சுட்டிக்காட்டினால் எப்படிப்பட்ட தற்காப்பு கிளம்பும் என்பதையும் ஆர்கிரிஸ் நிறைய எழுதியிருக்கிறார். 'கற்கும் நிறுவனம்' என்று சொல்கிறீர்கள், ஆனால் அளப்பது 4 மணி நேரத்தை என்று நேரே போய்ச் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும். "என் படிவத்தில் தவறு இருக்கிறது, திருத்த மூன்று மாதம் கொடுங்கள்" என்று உள்ளே போங்கள். அது உண்மையும்கூட. கூடவே அந்த ஐந்து வருகைக்கும் ஆன ஆள்செலவையும் பொருள்செலவையும் கூட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 4 மணி நேர இலக்கைப் பற்றிய கேள்வியை அந்தத் தாளைப் பார்த்து அவரே கேட்பதுதான் நல்லது.

மூன்று மாதம் தரவில்லை, சம்பளத்தோடு இணைத்தே தீருவேன் என்றால், உங்கள் எதிர்ப்பை மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, சொன்னதைச் செய்யுங்கள். வேலையை விடுகிற அளவுக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு மாதத்தில் பதிவுகளில் புள்ளிகள் வர ஆரம்பிக்கும், அப்போது திரும்பப் பேசலாம்.

அதற்கெல்லாம் முன், நாளைக்கே ஒரு காரியம். அலட்சியத்துக்கு உதாரணம் என்று நீங்கள் அனுப்பிய அந்தப் பதிவை எழுதியவரைத் தேடுங்கள். நீங்கள் சொன்ன 412-ல் நான் வாசித்தது அந்த ஒன்றைத்தான். அதில் நேரே கேட்டது இருக்கிறது, தெரியாது என்ற ஒப்புதல் இருக்கிறது, செய்யாமல் விட்டதும் இருக்கிறது. ஏழில் எதையாவது அழுத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அவரையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பம்புக்குப் போங்கள். திருப்புளி அண்ணனிடம் இருக்கும்.